மருந்து இறங்கியாச்சு... கசப்பு இறங்கலையே!

மாத்திரையை விழுங்கி ஒரு மணி நேரம் ஆகிறது. ஒரு செம்பு தண்ணீர் குடித்தாயிற்று. பல் கூடத் தேய்த்துப் பார்த்தாயிற்று. ஆனாலும் துருப்பிடித்த ஆணியை நாக்கில் வைத்தது மாதிரி ஒரு ருசி! காப்பி குடித்தால் காப்பியும் அப்படியே இருக்கிறது. ஆசையாகப் பிசைந்த தயிர்சாதமும் அப்படியே இருக்கிறது. "உப்பே போடலையா?" என்று வீட்டுக்காரம்மாவிடம் ஒரு சண்டை வேறு.

உங்களுக்கும் இந்த அனுபவம் உண்டுதானே? வயிற்றுக் கடுப்புக்கு மெட்ரோனிடசோல் சாப்பிட்டவர்கள், சளிக்கு கிளாரித்ரோமைசின் சாப்பிட்டவர்கள், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் தொடங்கியவர்கள், கர்ப்ப காலத்தில் இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டவர்கள் எல்லோரும் தலையாட்டுவீர்கள். எங்கள் நிலவேம்புக் குடிநீர் குடித்தவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 2012ல் டெங்கு பரவியபோது தமிழ்நாடு முழுக்க ஊர் ஊராக அதைக் காய்ச்சிக் கொடுத்தோம். வரிசையில் நின்று வாங்கிக் குடித்தவர்களின் முகத்தைப் பார்க்கவேண்டுமே!

இதெல்லாம் ஒரு வியாதியா, இதற்கு ஒரு கட்டுரையா என்று நினைக்காதீர்கள். வாய்க்கசப்பு தாங்காமல் மருந்தைப் பாதியில் நிறுத்துகிறவர்கள் ரொம்பப் பேர். அந்த மருந்து காசநோய்க்கானதாக இருந்தால், பாதியில் நிறுத்துவது உயிரோடு விளையாடுவது. அதனால்தான் இந்தச் சின்ன விஷயத்தைக் கொஞ்சம் விவரமாகவே பார்க்கலாம் என்கிறேன்.

தொண்டைக்குக் கீழே போனது எப்படித் திரும்பி வருது?

நாக்கில் சொரசொரப்பாகத் தெரிகிறதே, அந்த மொட்டுகளுக்குள் சுவை அரும்புகள் இருக்கின்றன. நுனியில் இனிப்பு, அடியில் கசப்பு என்று பள்ளிக்கூடத்தில் படம் போட்டுப் படித்திருப்பீர்கள். அந்தப் படம் தப்பு. எல்லாச் சுவையும் நாக்கில் எல்லாப் பக்கமும் தெரியும். அடிநாக்கில் பெரிய மொட்டுகள் வரிசையாக இருப்பதால் விழுங்கும்போது அங்கே கசப்பு சுருக்கென்று உறைக்கிறது, அவ்வளவுதான்.

ஒரு வேடிக்கை பாருங்கள். இனிப்பை அறிய நம் உடம்பு ஒரே ஒரு ஏற்பி அமைப்பை வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறது. கசப்பை அறியவோ 25 வகை ஏற்பிகள் வைத்திருக்கிறது! காரணம் இருக்கிறது. காட்டில் விஷச்செடிகள் பெரும்பாலும் கசக்கும். கசப்பைக் கண்டுபிடித்துத் துப்பியவன் பிழைத்தான். அதனால் கசப்பு என்றால் நாக்கு காவல்காரன் மாதிரி விடாப்பிடியாகக் கத்தும். மருந்துக்கும் விஷத்துக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது.

இதுவரை சொன்னது வாயில் பட்ட கசப்பு. இது பத்து நிமிடத்தில், அரை மணியில் போய்விடும். போகாத கசப்பு ஒன்று இருக்கிறதே, அதன் கதை வேறு.

மெட்ரோனிடசோல் மாத்திரையை நாக்கில் படாமல் விழுங்கினாலும் சில மணி நேரம் கழித்து வாயில் தகர ருசி வரும். ஏன்? வயிற்றில் கரைந்து ரத்தத்தில் கலந்த மருந்து, உமிழ்நீர்ச் சுரப்பி வழியாக மறுபடி வாய்க்கே வருகிறது! ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறதோ கிட்டத்தட்ட அதே அளவு உமிழ்நீரிலும் இருக்கும். மெட்ஃபார்மினும் கிளாரித்ரோமைசினும் இப்படி உமிழ்நீரில் வருகிறவைதான். கொரோனாவுக்கு வெளிநாடுகளில் கொடுத்த பாக்ஸ்லோவிட் மாத்திரையிலும் இதே புகார் வந்தது. அதில் உள்ள ரிட்டோனவிர் பொல்லாத கசப்பு.

இன்னும் சொல்கிறேன். ஊசியில் போட்ட மருந்துகூட நாக்கில் ருசிக்கும். ஸ்கேன் வசதியெல்லாம் இல்லாத காலத்தில், கைநரம்பில் ஒரு கசப்பு மருந்தை ஏற்றிவிட்டு, "வாய் கசக்குதா?" என்று கேட்டு, கடிகாரத்தைப் பார்த்து ரத்தம் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று கணக்குப் போட்டார்கள். இதயம் பலவீனமானவர்களுக்குக் கசப்பு தெரிய நேரம் பிடிக்கும்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், உமிழ்நீரில் ஊறி வரும் கசப்பை ஒரே ஒரு முறை வாய் கொப்பளித்துப் போக்க முடியாது. கொப்பளித்த அடுத்த நிமிடமே புது உமிழ்நீர் புதுக் கசப்போடு சுரக்கும். "எத்தனை தடவை கொப்பளிச்சாலும் போகலையே" என்று நீங்கள் அலுத்துக்கொள்வதில் தப்பே இல்லை. இதற்கு வழி, உமிழ்நீரை நிறையச் சுரக்க வைத்து நீர்த்துப்போகச் செய்வதும், நாக்குக்கு வேறு வேலை கொடுப்பதும்தான்.

மூன்றாவது வகையும் உண்டு. மருந்து வாய்க்கு வராது. சுவை அரும்பையோ உமிழ்நீரையோ கெடுத்துவிடும். அலர்ஜிக்கும் மனச்சோர்வுக்கும் கொடுக்கும் சில மருந்துகள் வாயை உலர்த்திவிடும். உலர்ந்த நாக்கில் எதுவும் நல்ல ருசியாக இருக்காது. ரத்த அழுத்தத்துக்கான கேப்டோப்ரில், படர்தாமரைக்கான டெர்பினாஃபின் இரண்டும் ருசியையே மாற்றிவிடக்கூடியவை. கண் அழுத்தத்துக்கு அசிட்டசோலமைடு சாப்பிடுகிறவர் சோடா குடித்தால் சப்பென்று இருக்கும். கடைக்காரர் பழைய சோடாவைக் கொடுத்துவிட்டார் என்று சண்டைக்குப் போகவேண்டாம்!

நெல்லிவாசலில் கேட்ட பாடம்

ஜவ்வாது மலை தெரியுமில்லையா? திருப்பத்தூர் பக்கமிருந்து மேலே ஏறினால் புதூர்நாடு, புங்கம்பட்டுநாடு, நெல்லிவாசல்நாடு என்று மூன்று நாடுகள். மலையாளி பழங்குடி மக்கள் சாமை விதைத்து, புளி உலுக்கி, கடுக்காயும் நெல்லிக்காயும் தேனும் சேகரித்து வாழ்கிற ஊர்கள். பேரிலேயே நெல்லியை வைத்துக்கொண்டிருக்கிற அந்த மூன்றாவது நாட்டில் ஒரு மருத்துவ முகாம். ஒரு வயதான அம்மா தன் மருமகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். அந்தப் பெண் ஐந்து மாதக் கர்ப்பம். கண் ரெப்பையை இறக்கிப் பார்த்தால் வெளுத்துக் கிடக்கிறது.

"மாத்திரை சாப்பிடறியாம்மா?"

அந்தப் பெண் பேசவில்லை. மாமியார்தான் சொன்னார்: "நர்ஸம்மா குடுத்தாங்க சாமி. போட்டா வாயெல்லாம் இரும்பு நாத்தம் அடிக்குதாம். சோறு இறங்க மாட்டேங்குது. புள்ளைக்கு ஆகாதோன்னு நாந்தான் நிறுத்திட்டேன்."

பாருங்கள், எவ்வளவு அக்கறையில் எவ்வளவு பெரிய ஆபத்து! அரசு கொடுக்கும் அந்தச் சிவப்பு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும், ஃபோலிக் அமிலமும் இருக்கிறது. நாலாம் மாதத்திலிருந்து தினம் ஒன்றாக 180 நாள் சாப்பிடவேண்டும். பிரசவத்துக்குப் பிறகும் இன்னொரு 180 நாள். ரத்தமில்லாத தாய்க்கு, பிரசவத்தில் போகிற கொஞ்சம் ரத்தமும் உயிருக்கு ஆபத்து. மலைக் கிராமத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கு இறங்குவதற்குள் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

"இரும்பு ருசி வருதுன்னா மாத்திரையில இரும்பு இருக்குன்னு அர்த்தம்மா. குழந்தைக்கு ஒண்ணும் ஆகாது. நிறுத்தினாத்தான் ஆகும்" என்றேன். "ராத்திரி சாப்பிட்டு ரெண்டு மணி கழிச்சு, படுக்கப் போறப்ப குடுங்க. போட்டதும் ஒரு நெல்லிக்காயை மெல்லச் சொல்லுங்க."

அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அட, நெல்லிக்காயா! அதைத் தின்னுட்டு ஊத்துத் தண்ணி குடிச்சா தேனாட்டம் இருக்குமே சாமி, இது எனக்குத் தோணலையே!"

அந்த அம்மா ஒரே வரியில் சொன்னதை நான் இரண்டு பக்கத்தில் விளக்கவேண்டும்.

நெல்லிக்காயைக் கடித்தால் முதலில் புளிப்பு, துவர்ப்பு. பிறகு வெறும் தண்ணீர் குடித்தால் அது இனிக்கும். புளிப்புக்குக் கொஞ்ச நேரம் பழகிய நாக்கு, புளிப்பில்லாத தண்ணீரை இனிப்பாகக் காட்டும் என்று இன்றைய சுவை ஆராய்ச்சி சொல்கிறது. நம் குணபாட நூல்களைப் புரட்டினால், ஒவ்வொரு மூலிகைக்கும் சுவை, தன்மை, பிரிவு என்று மூன்று எழுதியிருக்கும். நாக்கில் பட்டவுடன் தெரிவது சுவை. உடம்புக்குச் சூடா, குளிர்ச்சியா என்பது தன்மை. செரித்தபின் அது எந்தச் சுவையாக மாறி வேலை செய்கிறது என்பது பிரிவு. நெல்லிக்காய்க்குச் சுவை புளிப்பு, துவர்ப்பு, இனிப்பு, தன்மை தட்பம், பிரிவு இனிப்பு. நிலவேம்புக்குச் சுவை கைப்பு, தன்மை வெப்பம், பிரிவு கார்ப்பு. மருந்தின் பின்சுவைக்கு என்று தனியாக ஒரு கட்டமே போட்டு வைத்த வைத்தியம் நம்முடையது! பிரிவு என்பது நாக்கில் தெரியும் பின்சுவை மட்டுமல்ல, வயிற்றில் நடக்கும் சங்கதி என்று சித்த மருத்துவ மாணவர்கள் என்னைத் திருத்த வருவார்கள். வரட்டும். இரண்டையும் கலக்காமல்தான் சொல்கிறேன்.

இரும்பு மாத்திரைக்கு நெல்லியை விடப் பொருத்தமான துணை கிடையாது. அதிலுள்ள வைட்டமின் சி, இரும்பை உடம்பில் ஏறவைக்கும். கசப்பும் போகும், மருந்தும் நன்றாக வேலை செய்யும். எலுமிச்சைச் சாறும் இதே வேலையைச் செய்யும். ஆனால் டீ, காப்பியோடு இரும்பு மாத்திரையைப் போட்டால் பாதி வீண். மாத்திரைக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது டீ வேண்டாம். கால்சியம் மாத்திரையையும் இதையும் ஒன்றாக விழுங்காதீர்கள். இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். மலம் கறுப்பாகப் போகும், பயப்படவேண்டாம்.

கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் மாத்திரையே போடாமல் வாய் இரும்பு மாதிரி இருக்கும் பெண்களும் உண்டு. அது மசக்கையின் ஒரு முகம். அதற்கு மாத்திரையைத் திட்டாதீர்கள்.

விழுங்குவதிலும் ஒரு பக்குவம்

ஆங்கில மருத்துவம் மாத்திரைக்குச் சர்க்கரைப் பூச்சுப் போட்டது. காப்சூலுக்குள் மருந்தை அடைத்தது. நாங்கள் அனுபானம் என்று ஒன்று வைத்தோம். மருந்தைத் தேனில் குழை, நெய்யில் குழை, பனைவெல்லத்தில் உருட்டு, வெற்றிலைச் சாறு விடு, வெந்நீரில் கொடு என்று ஒவ்வொரு சூரணத்துக்கும் துணை சொல்லியிருக்கும். லேகியம், மணப்பாகு எல்லாம் கசப்புச் சரக்கை நாக்கு ஏற்கிற வடிவத்துக்குக் கொண்டுவந்த ஏற்பாடுதான். அனுபானம் ருசிக்காக மட்டுமல்ல. மருந்தை எந்த இடத்துக்குக் கொண்டுபோகவேண்டும் என்பதும் அதில் அடங்கும். ஆகவே வைத்தியர் தேன் என்று சொன்னால் தேன்தான். நீங்களாகச் சர்க்கரைக்கு மாற்றாதீர்கள்.

ஒரு ரகசியம் சொல்கிறேன். எல்லோரும் மருந்தைக் குடித்துவிட்டுச் சர்க்கரையை வாயில் போடுகிறார்கள். முன்னால் போடுங்கள்! ஒரு சொட்டு நெய்யோ தேனோ நாக்கு முழுக்கப் பூசினாற்போல் இருக்கட்டும். அதன்மேல் கசப்பு மருந்து வழுக்கிக்கொண்டு போகும். வெளிநாட்டில் ரிட்டோனவிர் சாப்பிடுகிறவர்களுக்கு வேர்க்கடலை வெண்ணெயை முதலில் நாக்கில் தடவச் சொல்கிறார்கள். நமக்குக் கடலை மிட்டாய் இருக்கவே இருக்கிறது. சர்க்கரை நோயாளிகளுக்கு இதெல்லாம் வேண்டாம். நெய் ஒரு சொட்டு போதும். ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு வகைக் கிருமி, பச்சைக் குழந்தையின் நரம்பைச் செயலிழக்கச் செய்துவிடும். "எங்க பாட்டி எனக்குக் குடுத்தாங்களே" என்று வாதம் பண்ணாதீர்கள்.

மாத்திரை போடுவதற்கு முன் ஒரு வாய் தண்ணீர் குடித்து நாக்கை நனையுங்கள். காய்ந்த நாக்கில் மாத்திரை ஒட்டிக்கொண்டு கரையும். பானைத் தண்ணீர் போலக் குளிர்ந்த நீராக இருந்தால் நல்லது. குளிரில் நாக்கின் உணர்ச்சி கொஞ்சம் மந்தப்படும். மூக்கைப் பிடித்துக்கொண்டு கசாயம் குடித்தார்களே நம் பெரியவர்கள், அது வெறும் நடிப்பில்லை. ருசி என்று நாம் நினைப்பதில் பெரும்பங்கு வாசனை.

காப்சூல் விழுங்கும்போது பெரும்பாலானவர்கள் கோழி தண்ணீர் குடிப்பது மாதிரி தலையை அண்ணாந்துகொள்கிறார்கள். காப்சூல் தண்ணீரில் மிதக்கும் சாமான். அண்ணாந்தால் அது முன்பற்கள் பக்கம் மிதந்து வந்துவிடும். தலையைக் கொஞ்சம் குனிந்து, முகவாயை நெஞ்சுப் பக்கம் இறக்கி விழுங்கிப் பாருங்கள். தானாகத் தொண்டைக்குப் போகும். கனமான மாத்திரைக்குக் குனியவேண்டாம், நேராக உட்கார்ந்து விழுங்கலாம்.

பூச்சுப் போட்ட மாத்திரையை உடைக்காதீர்கள், பொடிக்காதீர்கள், காப்சூலைப் பிரிக்காதீர்கள். "பெரிசா இருக்கு, பாதியா உடைச்சுக் குடுத்தேன்" என்பார்கள். உடைத்த மாத்திரையின் கசப்பு பத்து மடங்கு. சில மாத்திரைகள் மெல்ல மெல்லக் கரையவேண்டும் என்று செய்தவை. உடைத்தால் மொத்த மருந்தும் ஒரேயடியாக இறங்கிவிடும். விழுங்கவே முடியவில்லை என்றால் டாக்டரிடமோ மருந்துக் கடைக்காரரிடமோ கேளுங்கள். கரைத்துக் குடிக்கும் வகையோ சிரப்போ இருக்கலாம். குழந்தையின் மருந்தைப் பால் டம்ளர் முழுக்கக் கலக்காதீர்கள். குழந்தை பாதிப் பாலோடு நிறுத்தினால் எவ்வளவு மருந்து போயிற்று என்று தெரியாது. அப்புறம் பாலையே வெறுத்துவிடும். ஒரு ஸ்பூனில் கொடுத்து முடித்துவிட்டு மேலே பால் கொடுங்கள். அதுவும் எல்லா மருந்துக்கும் இல்லை. டாக்சிசைக்ளின், சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாடிக்குகளைப் பால், தயிர், ஜெலூசில் மாதிரியான மருந்துகளோடு சாப்பிட்டால் மருந்து உடம்பில் ஏறாது. பெரியவர்களும் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளவேண்டும்.

பிறகும் போகாத கசப்புக்கு

முதலில் உப்பு. கசப்பை அடக்குவதில் சர்க்கரையை விட உப்பு கெட்டிக்காரன். பாகற்காயை உப்புப் போட்டுப் பிசறி வைப்பது எதற்கு? சாறு இறங்குவதற்கு மட்டுமல்ல. 1997ல் சுவை ஆராய்ச்சியாளர்கள் உப்பு கசப்பை அமுக்குவதைச் சோதித்துக் காட்டினார்கள். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் கால் ஸ்பூன் உப்புப் போட்டு, மூன்று நாலு வாய் கொப்பளித்துத் துப்புங்கள். ரத்தக்கொதிப்பு உள்ளவர்களும் செய்யலாம், விழுங்கக்கூடாது, அவ்வளவே.

அடுத்தது கடுக்காய். கொட்டையை நீக்கிய கடுக்காய்த் தோலை, அல்லது கடுக்காய், நெல்லிக்காய், தான்றிக்காய் மூன்றும் சேர்ந்த திரிபலா பொடியை ஒரு ஸ்பூன் எடுத்து இரண்டு டம்ளர் நீரில் கொதிக்கவைத்து வடிகட்டி, ஆறவைத்துக் கொப்பளிக்கவேண்டும். துவர்ப்பு நாக்கை இறுக்கிப் பிடித்து, வழவழப்பை நீக்கும். அதன்பின் தண்ணீர் குடித்தால் நெல்லிக்காய் போலவே வாய் தெளியும். காலையும் இரவும் செய்தால் போதும். நாக்கு வழிக்க மறக்காதீர்கள். பல் தேய்ப்பதில் காட்டும் அக்கறையில் பாதியாவது நாக்குக்கும் வேண்டும்.

உமிழ்நீரில் ஊறி வரும் கசப்புக்கு, வாயில் எதையாவது அடக்கிக்கொள்வதுதான் சரி. ஒரு கிராம்பு, இல்லாவிட்டால் இரண்டு ஏலரிசி, நெல்லி வற்றல், உலர்ந்த திராட்சை இரண்டு. இவற்றில் எனக்குப் பிடித்தது நெல்லி வற்றல். கிராம்பு சிலருக்கு வாயைப் புண்ணாக்கும். பாக்கு, புகையிலை என்று யாராவது சொன்னால் காதைப் பொத்திக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டில் சூடாக இருப்பதை விட ஆறியது பரவாயில்லை என்று தோன்றும், அப்படியே சாப்பிடுங்கள். கறிவேப்பிலைத் துவையல், இஞ்சித் துவையல், புதினா, எலுமிச்சம் சாதம், மோர் எல்லாம் ஏற்கும். கறி, மீன் வாசனை பிடிக்கவில்லை என்றால் பருப்பு, முட்டை, சுண்டலுக்கு மாறிக்கொள்ளலாம். புற்றுநோய் மருந்து ஏற்றிக்கொள்கிறவர்களுக்கு வெளிநாட்டில், "உலோகக் கரண்டியை விடுங்கள், பிளாஸ்டிக் கரண்டியில் சாப்பிடுங்கள்" என்று சொல்லித் தருகிறார்கள். வாழையிலையில் போட்டுக் கையால் சாப்பிடுகிற நமக்கு இந்தப் பிரச்னையே பாதி இல்லை! ஆனால் வாயில் புண் இருந்தால் புளிப்பு, காரம் எதுவும் வேண்டாம்.

மெட்ரோனிடசோல் சாப்பிடுகிற ஆண்கள் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். வாய் நன்றாக இல்லை என்று சாயங்காலம் "கொஞ்சமா" போட்டுக்கொள்வது நடக்கவே கூடாது. வாந்தி, படபடப்பு, தலைவலி என்று படுத்தி எடுத்துவிடும். மருந்து முடிந்த பிறகும் மூன்று நாள் பொறுக்கவேண்டும். பொறுத்தால் வாய்க்கசப்பும் அதற்குள் தானாகப் போயிருக்கும்.

மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்களுக்குத் தகர ருசி பெரும்பாலும் ஆரம்ப வாரங்களில்தான். சாப்பாட்டோடு சேர்த்துப் போட்டால் குறையும். மெல்லக் கரையும் வகை இருக்கிறது, டாக்டரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளலாம். அதோடு இன்னொன்றும் கவனித்திருக்கிறேன். "இப்பெல்லாம் இனிப்பே தெரியறதில்ல டாக்டர், சர்க்கரை வாயில போட்டா மணல் மாதிரி இருக்கு" என்பார்கள். துருவிக் கேட்டால், யார் சொல்லியோ சிறுகுறிஞ்சான் இலையை மென்றுகொண்டிருப்பார்கள். அது நாக்கின் இனிப்பு ஏற்பியைக் கொஞ்ச நேரம் மூடிவிடும். அரை மணி, ஒரு மணியில் சரியாகிவிடும். அதைவிட முக்கியம், சர்க்கரை மாத்திரையோடு அதையும் சேர்த்தால் சர்க்கரை அளவு அதிகமாக இறங்கலாம். டாக்டருக்குத் தெரியாமல் இரண்டு வைத்தியமும் ஒன்றாகப் பார்க்கவேண்டாம். சித்த மருத்துவன் நானே சொல்கிறேன்.

எங்கள் குடிநீர்களின் கசப்பைப் பற்றி இரண்டு வார்த்தை. நிலவேம்புக் குடிநீரில் ஒன்பது சரக்கு. 2020ல் வீடு வீடாகக் கொடுத்த கபசுரக் குடிநீரில் பதினைந்து. இரண்டிலும் நிலவேம்பு இருக்கிறது, அதுதான் கசப்புக்கு ராஜா. காய்ச்சி வைத்து ஆறிப்போனதை மறுநாள் குடிக்காதீர்கள். அன்றன்று காய்ச்சி, வெதுவெதுப்பாக ஒரே மூச்சில் குடியுங்கள். மடக்கு மடக்காகச் சப்பிக் குடித்தால் கசப்பு வாயிலேயே குடியிருக்கும். "கசந்தால்தான் மருந்து வேலை செய்யும்" என்று சிலர் அடம் பிடிக்கிறார்கள். கைப்புச் சுவை பசியைத் தூண்டும் என்பது உண்மை. அதற்காகக் குடித்தபின் ஒரு துண்டு பனைவெல்லம் வாயில் போட்டால் மருந்து கெட்டுவிடும் என்பதில்லை.

கசப்பைக் கண்டு பயப்பட வேண்டிய நேரம்

இந்தப் பகுதியை மட்டும் வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டுங்கள்.

காசநோய் மருந்து சாதாரணமாக ஆறு மாதம். 2017லிருந்து நாடு முழுவதும் எடைக்கு ஏற்றபடி தினசரி கூட்டு மாத்திரையாகக் கொடுக்கிறார்கள். முதல் இரண்டு மாதம் நாலு மருந்து, பிறகு மூன்று. குமட்டல், வாய்க்கசப்பு, பசியின்மை எல்லாம் வரும். ரிஃபாம்பிசின் இருப்பதால் சிறுநீர், வியர்வை, எச்சில்கூட ஆரஞ்சு நிறமாகும். அது பயப்பட வேண்டியதில்லை. ஒன்றிரண்டு மாதத்தில் இருமல் நின்று உடம்பு தேறியதும், "இனி எதுக்கு இந்தக் கசப்பு?" என்று தோன்றும். அங்கேதான் ஆபத்து. மிச்சம் இருக்கிற கிருமிகள் அந்த மருந்துக்கே அசையாத கிருமிகளாக மாறலாம். அப்புறம் சிகிச்சை இன்னும் கடினம். அதே கிருமி வீட்டில் இருக்கும் குழந்தைக்கும் போகும். குமட்டல் தாங்கவில்லை என்றால் நிறுத்தாமல் சுகாதார ஊழியரிடம் சொல்லுங்கள். நேரத்தை மாற்றுவார்கள், லேசான ஆகாரத்துக்குப் பின் கொடுப்பார்கள், வாந்திக்கு மருந்து தருவார்கள். சத்தான சாப்பாட்டுக்கென்று அரசு கொடுக்கும் உதவித்தொகை 2024 நவம்பரிலிருந்து மாதம் 1,000 ரூபாய். அதைக் கேட்டு வாங்கி முட்டையும் பயறும் சாப்பிடுங்கள்.

ஆனால் இதே காசநோய் மருந்து சாப்பிடும்போது, கசப்போடு சேர்ந்து சாப்பாட்டைப் பார்த்தாலே வெறுப்பு, ஓயாத வாந்தி, வலது விலாவுக்குக் கீழே வலி, கண் மஞ்சள், சிறுநீர் ஆரஞ்சு போய்க் கறுத்த டீ நிறம் — இவற்றில் ஏதாவது வந்தால் அது நாக்கின் சமாசாரம் இல்லை, கல்லீரலின் சமாசாரம். அந்த மாத்திரைகளில் மூன்று கல்லீரலைத் தாக்கக்கூடியவை. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மறுவேளை மாத்திரையைப் போடுவதற்கு முன் டாக்டரைப் பார்க்கவேண்டும். கீழாநெல்லி அரைத்துக் கொடுத்து வீட்டில் வைத்துக்கொள்ளும் வேலை வேண்டாம். நம் வைத்தியத்தில் நாக்கைப் பார்ப்பதும் எண்வகைத் தேர்வில் ஒன்று. பித்தம் மிஞ்சினால் வாய் கசக்கும் என்று படித்திருக்கிறோம். கசப்பு எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் கசப்பை மட்டும் மறைத்துவிடக்கூடாது.

நாக்கில் தயிர் திப்பி போல் வெள்ளை படிந்து, வழித்தால் சிவந்து எரிந்தால் அது பூஞ்சை. ஆஸ்துமாவுக்கு உறிஞ்சும் மருந்து எடுப்பவர்கள், நீண்ட நாள் ஆன்டிபயாடிக் சாப்பிட்டவர்கள், சர்க்கரை கட்டுப்படாதவர்களுக்கு வரும். உறிஞ்சும் மருந்து எடுத்ததும் வாய் கொப்பளித்துத் துப்பினாலே பெரும்பாலும் தடுத்துவிடலாம். மாத்திரை எதுவும் சாப்பிடாமலே வாரக்கணக்கில் வாயில் ருசி கெட்டிருந்தாலும் பல், ஈறு, சைனஸ், வயிறு, சர்க்கரை, சிறுநீரகம் என்று பார்க்கவேண்டியவை நிறைய உண்டு.

சுவை அரும்பின் செல்கள் பத்து நாளைக்கு ஒருமுறை புதுசாகிக்கொண்டே இருக்கும். அதனால் குறுகிய கால மருந்தின் கசப்பு, மருந்து முடிந்து சில நாளில், மிஞ்சிப் போனால் இரண்டு வாரத்தில் போய்விடும். டெர்பினாஃபின் மாதிரி சில மருந்துகளுக்கு மாதக்கணக்கிலும் ஆகலாம். ருசி மாறியது தெரிந்ததுமே எழுதிக் கொடுத்த டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

வாயில் அடக்கிக்கொள்ளும் அந்த நெல்லி வற்றலைப் போடுவது எப்படி என்று கேட்பீர்கள். கார்த்திகை, மார்கழியில் நெல்லி மலிவாகக் கிடைக்கும். காயை இட்லிப் பானையில் ஐந்து நிமிடம் ஆவி காட்டினால் சுளை சுளையாகப் பிரிந்து வரும். கொட்டையை எடுத்துவிட்டு, ஒரு கிலோவுக்கு ஒரு ஸ்பூன் உப்பும், துருவிய இஞ்சிச் சாறு இரண்டு ஸ்பூனும் பிசறி ஒரு ராத்திரி மூடி வையுங்கள். மறுநாளிலிருந்து வெள்ளைத் துணியில் பரப்பி, மேலே மெல்லிய துணி போட்டு வெயிலில் காயவிடுங்கள். நாலைந்து நல்ல வெயில் வேண்டும். மடக்கினால் ஒடியும் பதம் வந்ததும் ஈரமில்லாத கண்ணாடி பாட்டிலில் போட்டு மூடிவிடலாம். ரத்தக்கொதிப்புக்காரர்கள் வீட்டில் இருந்தால் உப்பில்லாமல் ஒரு பங்கு தனியாகக் காயவைத்துக்கொள்ளுங்கள்.